மாதச் சாமானுக்கு ஐந்தாயிரம் ரூபாய்தான்: பெரிய கடையைப் புறக்கணிக்க வழி உண்டா?

ஜெய்ஹிந்த்புரம் செல்வி – கேள்வி

மதுரை ஜெய்ஹிந்த்புரத்திலிருந்து எழுதுகிறேன். வீட்டில் ஐந்து பேர்: நான், கணவர், மாமியார், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். கணவர் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். வாடகை கிடைத்தால்தான் அன்றைக்குக் காசு. நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். மாதச் சாமானுக்கு ஐந்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஒதுக்க வழியில்லை. அதிலும் ஆயிரம், மகளிர் உரிமைத் தொகை. பால், காய்கறி, கேஸ் இதில் சேராது.

என் தங்கை நகரத்தில் ஒரு பெரிய அங்காடியின் பாத்திரப் பிரிவில் வேலை பார்த்தாள். காலை ஒன்பதரை மணிக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு கடை அடைக்கும்வரை நிற்க வேண்டும். மதியம் மூன்று மணிக்கு அந்த மாடியில் வாங்க வந்தவர் ஒருவர்கூட இருக்க மாட்டார், அப்போதும் உட்காரக்கூடாது. குக்கர் வந்த அட்டைப்பெட்டியின் மேல் கொஞ்சம் உட்கார்ந்ததைக் கேமராவில் பார்த்து அரை நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்து நிற்கிறது. சாயங்காலமானால் பாதம் வீங்கிக் கொலுசு சதையில் பதிந்துவிடும், கழற்றி வைத்துவிட்டாள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் சட்டமே வந்துவிட்டதே என்று மேலாளரிடம் கேட்டாள். போன மாதக் கடைசியில், இனி வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

என் வீட்டுப் பணம் இனி ஒரு ரூபாய்கூட அந்தக் கடைக்குப் போகக்கூடாது என்று இருக்கிறேன். அதே தினுசில் ஆட்களை நடத்தும் மற்ற பெரிய கடைகளுக்கும்தான். கடையை மூட வைக்க நான் கிளம்பவில்லை. என் தங்கையின் காலைக் கெடுத்த இடத்தில் போய் நின்று தள்ளுபடி வாங்க மனம் ஒப்பவில்லை.

ஆனால் கணக்கு உதைக்கிறது. ரேஷனில் கிடைப்பது எதையும் விடுவதில்லை. அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை. ஆனால் ஒரு கிலோ பருப்பு ஐந்து பேருக்கு மாதம் முழுக்க வராது. மீதியை எங்கே வாங்குவது? நான்கு கிலோ சலவைத் தூள் பை, ஐந்து லிட்டர் எண்ணெய் கேன், பற்பசை, குளியல் சோப்பு, நாப்கின், பக்கவாதம் வந்த மாமியாருக்கு இரவில் போட டயாப்பர். இவையெல்லாம் அங்கே அச்சிட்ட விலையிலிருந்து நன்றாகக் குறைத்துக் கிடைக்கின்றன. எங்கள் தெருக்கடையில் அச்சிட்ட விலைதான். ஒரே பட்டியலுக்கு இரண்டு இடத்து விலையையும் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். தெருக்கடையில் 610 ரூபாய் அதிகம். அது மூத்தவளின் டியூஷன் கட்டணம்.

"நான் அங்கே வாங்குவதை நிறுத்திவிட்டேன்" என்று வசதியுள்ளவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நல்லதுதான். அவர்களுக்கு 610 ரூபாய் போனது தெரியக்கூடத் தெரியாது. என் நிலையில் இருந்துகொண்டு இதைச் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எந்தச் சாமானை எங்கே வாங்குகிறீர்கள் என்று பொருள்வாரியாகச் சொன்னால் பெரிய உதவி.


வில்லாபுரம் மளிகை

அம்மா, நான் மளிகைக் கடை வைத்திருப்பவன். எங்கள் பக்கம் நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சோப்பு, பற்பசை, சலவைத் தூளில் நாங்கள் அநியாய லாபம் வைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். ஏஜென்சிக்காரர் எனக்குப் போடும் விலைக்கும் அச்சிட்ட விலைக்கும் நடுவே என் கடையில் நிற்பது நூற்றுக்குப் பத்து ரூபாய்க்குச் சற்று முன்பின். கடை வாடகை, கரண்ட், பையன் சம்பளம் எல்லாம் அதற்குள் வர வேண்டும். பெரிய கடைகள் கம்பெனியோடு நேரடியாகப் பேசி லாரிக் கணக்கில் எடுக்கின்றன. கண்ணுக்கு நேரான தட்டில் அடுக்கி வைப்பதற்கென்று கம்பெனியிடம் தனியாகப் பணம் வாங்குவதும் உண்டு. சில பொருள்களை அவர்கள் விற்கும் விலை, நான் வாங்கும் விலையைவிடக் குறைவு. 2021 கடைசியில் அகில இந்திய விநியோகஸ்தர் கூட்டமைப்பே, ஒரே சரக்குக்கு எங்களுக்கு ஒரு விலை, பெரிய மொத்தக் கொள்முதல் நிறுவனங்களுக்கு வேறு விலையா என்று கம்பெனிகளோடு மல்லுக்கு நின்றது. பிராண்டு போட்ட சாமானில் அவர்களோடு எங்களால் போட்டியிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சில்லறைச் சரக்கு அப்படியல்ல. உளுந்து, கடலைப்பருப்பு, பாசிப்பயறு, வற்றல், மல்லி, புளி, வெல்லம் இவற்றில் என் விலையைக் கேட்டுவிட்டுப் போங்கள். 2022 ஜூலை 18 முதல் பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. மூட்டையிலிருந்து நிறுத்துப் பொட்டலம் கட்டித் தருவதற்கு வரி கிடையாது. 25 கிலோவுக்கு மேற்பட்ட பைக்கும் கிடையாது. அரிசி ஆலைகள் 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்தது அதனால்தான். உங்கள் பட்டியலில் பருப்புக்குப் பாக்கெட் விலையை எழுதினீர்களா, சில்லறை விலையை எழுதினீர்களா? ஷாம்புக்கும் அதே கேள்வி. ஒரு ரூபாய் பாக்கெட்டில் எத்தனை மில்லி இருக்கிறது என்று பார்த்து, பாட்டில் கணக்கோடு வகுத்துப் பாருங்கள். சில பிராண்டுகளில் சரமாகத் தொங்கும் பாக்கெட்தான் மலிவு.

610 ரூபாய் வித்தியாசம் என்பது பட்டியலில். அங்கே போய்வந்த பிறகு கையில் இருக்கும் பில்லில் எவ்வளவு?

நோட்டுக் கணக்கையும் மறந்துவிடாதீர்கள். நான்கு நாள் அடைமழை பெய்து ஆட்டோவுக்கு வாடகை இல்லையென்றால், பெரிய கடை ஒரு கிலோ கோதுமை மாவைக்கூட எழுதிக்கொண்டு தராது. தெருக்கடைக்காரர் தருவார். அதே ஐந்நூறு ரூபாயைத் தண்டல்காரரிடம் வாங்கினால் என்ன வட்டி ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்.

புறக்கணிப்பில் எனக்கு ஓர் அனுபவம் உண்டு. 2017 மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது நானும் நிறுத்தினேன். ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த சூடு. ஆட்கள் வந்து பொவண்டோ கேட்டு வாங்கிப்போனார்கள். ஆனால் என் கடையிலிருந்த குளிர்பெட்டி அந்தக் கம்பெனி கொடுத்தது. அவர்கள் சரக்கை வைக்காவிட்டால் பெட்டியை எடுத்துக்கொள்வோம் என்றார்கள். என் பாலும் தயிரும் அதற்குள்தான் இருந்தன. புதுப்பெட்டி வாங்கக் கையில் பணம் இல்லை. கோடை முடிவதற்குள் பழைய பாட்டில்கள் திரும்பி வந்துவிட்டன. அதனால் சொல்கிறேன், ஒவ்வொரு பொருளுக்கும் மாற்று இடத்தை முதலில் பிடித்துவிட்டு அப்புறம் அங்கே வாங்குவதை நிறுத்துங்கள்.


காந்திபுரம் கலா

செல்வி அக்கா, நான் கோவையில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் நின்றவள். இப்போது கடை ஊழியர்களுக்கான சங்க வேலையில் இருக்கிறேன். கொலுசைக் கழற்றி வைத்துவிட்டாள் என்று படித்ததும் என் காலைத்தான் குனிந்து பார்த்தேன்.

நீங்கள் சொல்லும் சட்டம், தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் சேர்த்த 22-ஏ பிரிவு. எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி தர வேண்டும், வேலை நேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்க வைக்கக்கூடாது என்கிறது. அது பெரிய கடைகளுக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. நீங்கள் மாறப்போகும் கடையில் பொட்டலம் கட்டும் பையனும் விடிந்ததிலிருந்து நின்றுகொண்டிருக்கிறான். இருபது பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் வருங்கால வைப்பு நிதி கட்டாயம் இல்லை என்பதால், பெரிய கடைப் பெண்ணுக்குக் கிடைக்கும் அதுகூட அவனுக்குக் கிடையாது. மளிகை அண்ணாச்சி கோபித்துக்கொள்ளக்கூடாது. தங்கைக்காகக் கடையை மாற்றுகிறீர்கள் என்றால் அந்தப் பையன் உட்கார ஒரு ஸ்டூல் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு மாற்றுங்கள், அக்கா.

இந்த உரிமை முதலில் வந்தது கேரளத்தில், 2018-இல். கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் வேலை செய்த பெண்களைத் திரட்டி, தையல் தொழிலாளியான விஜி 'பெண்கூட்டு' என்ற அமைப்பைக் கட்டினார். கழிப்பறை கேட்டுத்தான் தொடக்கம். அதற்குப் பிறகுதான் உட்காரும் உரிமை. கடைக்கு வந்து வாங்குகிறவர்கள் விலகிப் போனதால் கிடைத்ததல்ல அது. உள்ளே நின்ற பெண்கள் சேர்ந்து கேட்டதால் கிடைத்தது.

ஆகவே நீங்கள் எங்கே பருப்பு வாங்கினாலும் சரி, தங்கையை மனு எழுத வையுங்கள். மதுரையில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம் இருக்கிறது. இருக்கை தராததற்கும் சம்பளத்தைப் பிடித்ததற்கும் அங்கே புகார் கொடுக்கலாம். வேலையை விட்டு நிறுத்தியது தனி விஷயம். தொடர்ந்து ஆறு மாதம் வேலை செய்த ஒருவரைத் தகுந்த காரணம் இல்லாமலும், ஒரு மாத அறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தராமலும் நீக்கக்கூடாது என்று அதே சட்டத்தின் 41-ஆவது பிரிவு சொல்கிறது, மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் காலக்கெடு குறுகியது. சாமான் பட்டியலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இதற்கு இந்த வாரமே போகச் சொல்லுங்கள்.


ஜெய்ஹிந்த்புரம் செல்வி

கலா, நீங்கள் எழுதியதைத் தங்கையிடம் படித்துக் காட்டினேன். ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்திருக்கிறாள். நியமன ஆணை என்று கையில் எதுவும் கொடுக்கவில்லை. சம்பளம் வங்கிக்கு வந்த பதிவு மட்டும் இருக்கிறது. அது போதுமா?

நீங்கள் சொன்ன ஒன்றில் எனக்கு மறுப்பு இருக்கிறது. உள்ளே நின்றவர்கள் சேர்ந்து கேட்டால்தான் கிடைக்கும் என்பது சரி. என் தங்கை தனியாகக் கேட்டாள், வெளியே தள்ளப்பட்டாள். கூட நின்ற பெண்கள் மறுநாள் வாய் திறக்கவில்லை. அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். இப்போது வெளியே இருக்கும் எங்கள் குடும்பத்திடம் மிச்சம் இருப்பது, எங்கள் காசு எங்கே போகிறது என்பது ஒன்றுதான். மனுவும் கொடுப்போம். ஆனால் மனு கொடுத்த கையோடு அதே கடையில் எண்ணெய் கேனைத் தூக்கிக்கொண்டு பில் போட வரிசையில் நிற்க என்னால் முடியாது. பொட்டலம் கட்டும் பையனைப் பற்றி நீங்கள் சொன்னது உறைத்தது. எங்கள் தெருக்கடையில் அப்பாவும் மகனும்தான், சம்பள ஆள் இல்லை. மொத்தக் கடைகள் இருக்கும் கீழமாசி வீதிப் பக்கம் போனால் மூட்டை தூக்குபவர்களைப் பார்க்காமல் வர முடியாது. அதையும் மனதில் வைத்துக்கொள்கிறேன்.

வில்லாபுரம் அண்ணாச்சி, பில்லைக் கேட்டீர்கள். டப்பாவில் போட்டு வைத்திருந்த பழைய பில்களை எடுத்துப் பார்த்தேன். பட்டியலில் இல்லாமல் கூடைக்குள் வந்தவை: பிஸ்கட் பெரிய பாக்கெட், மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா மூன்று, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று சேமியா. 280 ரூபாய். உளுந்தைச் சில்லறையில் கேட்டேன்; அங்கே பாக்கெட்டில் விற்பதைவிட எங்கள் தெருவில் கிலோவுக்கு 8 ரூபாய் குறைவு. ஆக 610 என்பது பாதியாக இறங்கிவிட்டது. ஆனால் அந்த 280-ஐ வீண் என்று முழுக்க ஒதுக்கவும் எனக்கு மனமில்லை. பிள்ளைகளுக்கு அந்த நகரும் படிக்கட்டும் குளிர்சாதனமும்தான் மாதத்தில் ஒருநாள் ஊர்சுற்றல். அதற்கும் ஒரு மாற்று யோசிக்க வேண்டும்.


திருமங்கலம் வாசுகி

செல்வி, எங்கள் மகளிர் குழுவில் ஆறு வீடு சேர்ந்து கீழமாசி வீதியில் மொத்தமாக வாங்குகிறோம். எண்ணெய், மிளகாய் வற்றல், மல்லி, புளி, கட்டிச் சோப்பு. எல்லாவற்றிலும் மிச்சம் வருவது எண்ணெயில்தான். அதில் வரும் சண்டையையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

டின் என்பது 15 கிலோ. வீட்டில் எல்லோரும் லிட்டரில் பேசுவார்கள். ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராம் அளவுக்குத்தான் இருக்கும். முதல் தடவை லிட்டர் படியில் ஊற்றிப் பிரித்தோம். கடைசியாகப் பாத்திரம் நீட்டியவருக்கு எவ்வளவு வர வேண்டும் என்பதில் பெரிய வாக்குவாதம். இப்போது தராசில் வெறும் தூக்குவாளியை வைத்து எடையைக் கழித்துக்கொண்டு, கிலோக் கணக்கில் ஊற்றுகிறோம். டின்னை அரைமணி நேரம் கவிழ்த்து வைத்தால் அடியில் ஒட்டியதும் இறங்கிவிடும். காலி டின் யாருக்கு என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். பழைய இரும்புக் கடையில் அதற்கும் காசு உண்டு.

மொத்த விலைக்கு வாங்க மொத்தமாகப் பணம் வேண்டும். இதுதான் கஷ்டம். மாத ஆரம்பத்தில் ஆறு வீட்டிலும் ஒரே நேரத்தில் பணம் இருந்ததே இல்லை. குழுச் சேமிப்பிலிருந்து முன்பணம் எடுத்து, வாரத் தவணையாகத் திருப்பிக் கட்டுகிறோம். நீங்கள் குழுவில் இல்லையென்றால் நம்பிக்கையான மூன்று வீட்டோடு ஆரம்பியுங்கள்.

டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லை, உண்மைதான். எண்ணெய் டின்னோடு பெரியார் நிலையத்துக் கூட்டத்தில் ஏறிப் பாருங்கள், நடத்துநர் முகம் சுளிப்பார். உங்கள் வீட்டிலேயே சரக்கு ஆட்டோ இருக்கிறதே! கணவர் காலி வண்டியாகத் திரும்பும் ஒருநாளில் கீழமாசி வீதி வழியாக வரச் சொல்லுங்கள். எங்களுக்கு ஏற்றுக்கூலியே மிச்சத்தில் பாதியைத் தின்றுவிடுகிறது. உங்களுக்கு அந்தச் செலவு இல்லை.

நாப்கினுக்கு ஜன் ஔஷதி மருந்தகம் போங்கள். சுவிதா நாப்கின் ஒன்று ஒரு ரூபாய். பெரியவர்களுக்கான டயாப்பரும் அங்கே உண்டு. எல்லா நேரமும் இருப்பு இருக்காது, போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.


கொற்கைத்துறை

தூத்துக்குடிக்காரன் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும் ஆங்கிலேயக் கம்பெனி கொழும்புக்குக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா ஆக்கியது. அவர்கள் இலவசமாக ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுத்தார்கள். 1908-இல் வ.உ.சி.யைச் சிறையில் அடைத்த பிறகு கம்பெனி நிமிரவில்லை, 1911-இல் கலைக்கப்பட்டது. பணம் பெருத்தவன் நஷ்டத்துக்கு விற்று நம்மைச் சோர்வடையச் செய்வது அன்றும் இன்றும் ஒரே முறைதான். ஆகவே 610 ரூபாய் சுமப்பேன் என்று ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் விட்டுத் திணற வேண்டாம், சகோதரி. பிள்ளையின் டியூஷனைத் தொடாமல் வருடக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் அளவுக்கு விடுங்கள்.


காந்திபுரம் கலா

அக்கா, வங்கிப் பதிவு நல்ல சான்று. வைப்பு நிதி பிடித்திருந்தால் அந்தக் கணக்கு விவரத்தில் வேலைக்குச் சேர்ந்த தேதியே இருக்கும், அதையும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை, சீருடையோடு எடுத்த படம், மேலாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்க வேண்டாம். மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பி வரக்கூடாது.

உங்கள் மறுப்பு சரியானது. கடைக்குப் போவதை நிறுத்தச் சொல்லும் உரிமையோ, போகச் சொல்லும் உரிமையோ எனக்கில்லை. ஏன் வருவதில்லை என்று அந்தக் கடைக்கு ஒரு கடிதமும் எழுதிப் போடுங்கள் என்று மட்டும் கேட்கிறேன். சொல்லாமல் விலகிவிட்டால், நீங்கள் வராததன் காரணம் அவர்களுக்குத் தெரியவே தெரியாது.


ஜெய்ஹிந்த்புரம் செல்வி

எல்லோருக்கும் நன்றி. தங்கை திங்கட்கிழமை மனுவோடு போகிறாள், நானும் கூடப் போகிறேன். கடிதத்தையும் எழுதிவிட்டேன்; என் பெயரையும், மாதாமாதம் அங்கே செலவழித்து வந்த தொகையையும் போட்டிருக்கிறேன்.

பருப்பு, வற்றல், புளி, ஷாம்பு தெருக்கடைக்கு மாறிவிட்டன. எண்ணெய்க்குப் பக்கத்து வீட்டுக்காரரும் எதிர்வீட்டு அக்காவும் சேரச் சம்மதித்திருக்கிறார்கள். கணவர் முதலில் முணுமுணுத்தார். ஏற்றுக்கூலி மிச்சம் என்றதும், வெங்காயமும் அப்படியே ஏற்றி வந்துவிடலாமே என்று அவரே சொல்கிறார். நாப்கின் கிடைத்துவிட்டது. டயாப்பர் இந்த வாரம் இருப்பு இல்லை, அடுத்த வாரம் வரும் என்றார்கள். அதுவரை பழைய வேட்டியைக் கிழித்துப் பயன்படுத்துவேன் என்கிறார் மாமியார். அந்தச் சிரமத்தை அவர் தலையில் வைக்க எனக்குச் சம்மதமில்லை. பக்கத்து மருந்துக் கடையில் அச்சிட்ட விலைக்கே ஒரு சிறு பாக்கெட் வாங்கிவிட்டேன்.

தீராமல் நிற்பது சலவைத் தூள் மட்டும். கட்டிச் சோப்பு வைத்து ஓட்டிப் பார்க்கிறேன். ஐந்து பேர் துணியையும் மாமியாரின் படுக்கை விரிப்பையும் கையால் தேய்த்து முடிக்கும் நேரத்தில் ஒரு ஜாக்கெட் தைத்துவிடலாம். அதற்குக் கூலி போகிறது. மதுரையில் சலவைத் தூளைக் கிலோக் கணக்கில் நம்பகமாக விற்கும் இடம் தெரிந்தவர்கள், கைத்தோல் எரியாத சரக்காக இருந்தால், கடை எந்தத் தெருவில் என்று எழுதுங்கள்.